தரங்கம்பாடி: மனத்தைத் திறந்து கேட்க ஏற்ற கடற்கரை

திருமணத்துக்குச் சம்மதம் கேட்க ஆரவாரமற்ற திறந்தவெளியைத் தேடுவோருக்கு, மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியையே முதலில் பரிந்துரைப்பேன். 1620-இல் டென்மார்க் நாட்டவர் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையின் முன்னே விரியும் இக்கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதால், விடியலில் முதல் வெயில் கோட்டைச் சுவரில் படரும் நேரத்தில், கூட்டமோ கடைகளின் இரைச்சலோ குறுக்கிடாமல் இருவர் நிதானமாகப் பேச முடிகிறது. விடுமுறை நாள் மாலைகளில் குடும்பங்களும் சிறுவர்களும் நிறைந்துவிடுவதால் அந்தத் தனிமை கிடைப்பதில்லை. பலர் பார்த்திருக்கக் கேட்பது, பதில் சொல்ல வேண்டியவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் என்பது என் உறுதியான கருத்து.

கடலரிப்பில் முன்பகுதியை இழந்தும் நிலைத்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் அருகிலேயே இருக்கிறது. அதன் சூழல் அழகியது என்றாலும், கரையைக் காக்கக் கொட்டிய பாறைகள் ஈரத்தில் வழுக்கும் என்பதால் மணற்பரப்பில் நிற்பதே நல்லது. காற்று பலமாக வீசினால் மெல்லிய குரல் அலையோசையில் கரைந்துவிடும். கோட்டை மதிலின் மறைவில் நின்றால் சொல் தெளிவாகக் கேட்கும். மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இதற்கு மிகவும் உகந்தவை.