வட்டிலப்பம், தயிர், தேசிக்காய்: பீங்கானா, மண்ணா, சில்வரா?

கனடாவில் இருந்து வந்த சின்னம்மா, ஆறு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, நேரான சுவர், வெளிப்பக்கம் முழுக்கக் கோடு கோடாக வரி. ரமெக்கின் என்பார்களாம். ஓவனில் வைப்பதற்கென்றே செய்தது என்றார். எங்கள் கிளிநொச்சிக் குசினியில் ஓவன் கிடையாது. ஒரு காஸ் அடுப்பு, பின்பக்கம் ஒரு விறகடுப்பு. 2022 இல் காஸ் கிடைக்காத மாதங்களில் மூட்டிய விறகடுப்பு இன்றுவரை ஓயவில்லை.

சரி, ஓவன் இல்லாத வீட்டில் இந்தக் கிண்ணத்தால் என்ன பயன்? ஏற்கெனவே இருக்கும் சில்வர் கிண்ணமும் தயிர் வாங்கிச் சேர்ந்த மண்சட்டியும் செய்யாத எதை இது செய்துவிடும்? ஒரு மாதம் மூன்றையும் மாற்றி மாற்றிப் புழங்கிப் பார்த்தேன்.

முதலில் வட்டிலப்பம். ஐந்து முட்டை, கால் கிலோ பனங்கட்டி, 300 மில்லிலீற்றர் கட்டித் தேங்காய்ப்பால், கொஞ்சம் ஏலக்காய். கித்துள் கருப்பட்டிதான் முறை, ஆனால் எங்களுக்குக் கைக்கெட்டுவது பனங்கட்டி. ஒரே கலவையை மூன்று வகைப் பாத்திரத்திலும் ஊற்றி, ஒரே சருவச்சட்டியில் ஆவியில் அவித்தேன். சில்வரில் ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பொங்கி இறுகிவிட்டது, நடு இன்னும் தளதளவென்று ஆடியது. முட்டைக் கலவை ஏறத்தாழ 80 பாகையில் இறுகத் தொடங்கும். அதற்கு மேல் அதிகம் போனால் திரிந்து தண்ணீர் விடும். சில்வர் மெல்லிய தகடு, உலோகம் வேறு, சூட்டை உடனே உள்ளே தள்ளிவிடுகிறது. பீங்கான் தடிப்பு, சூட்டை மெதுவாகத்தான் விடும். அதனால் ஓரமும் நடுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இறுகின, கரண்டியால் வெட்டினால் வழுவழுவென்று இருந்தது. மண்சட்டியிலும் பதம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சட்டியில் போன மாதம் அம்மா மீன் தீயல் வைத்திருந்தார். ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் மீன் எட்டிப் பார்த்தது.

ஆக, வட்டிலப்பத்துக்குப் பீங்கான்தான். மேலே அலுமினியத் தாள் மூடவேண்டும், இல்லாவிட்டால் மூடியில் இருந்து சொட்டும் தண்ணீர் மேற்பரப்பைக் குழியாக்கிவிடும். கிண்ணத்துக்கு அடியில் ஒரு துணி விரித்தால் தண்ணீர் கொதிக்கும்போது ஆடி இடிபடாது.

இரண்டாம் முறை செய்யும்போதுதான் ஆறில் ஒன்று போனது. இரவே கலவையை ஊற்றிப் பிரிட்ஜில் வைத்திருந்தேன். காலையில் எடுத்த கையோடு கொதிக்கும் சருவச்சட்டிக்குள் இறக்கினேன். “டிக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடியில் இருந்து விளிம்புவரை கோடு. 1200 பாகைக்கு மேல் சுட்டெடுத்த சாமான் 100 பாகைத் தண்ணீரில் வெடிக்குமா என்று அண்ணா சிரித்தார். வெடிக்கும். வெளிப்பக்கம் சூடாகி விரியப் பார்க்கிறது, உள்பக்கம் இன்னும் குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. பீங்கான் வளையாது, ஆகவே பிளக்கும். இப்போது கிண்ணத்தை வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் அவிக்கிறேன், அதுவும் தண்ணீர் கொதிக்கத் தொடங்க முன்னரே உள்ளே வைத்துவிடுவேன். இறக்கியதும் ஈரச் சிமெந்துத் திண்ணையில் வைத்தாலும் இதே கதிதான். காய்ந்த துணியோ பலகையோ வேண்டும்.

நேரடி நெருப்பில் பீங்கான் கிண்ணம் வைக்கவே கூடாது. காஸ் சுவாலை அடியின் ஒரு வட்டத்தை மட்டும் சுடும். விறகடுப்புத் தணலில் வைப்பது இன்னும் மோசம். அந்த இடத்தில் மண்சட்டி ராசா. அதன் நுண்துளைகளும் சொரசொரப்பும் விரிசல் ஓடுவதைத் தடுக்கின்றன. புதுச்சட்டியைக் கழுநீரில் ஊறவைத்துப் பழக்கி எடுத்தால் வருடக்கணக்கில் தணலில் இருக்கும். சில்வர் உடையாது, ஆனால் அடிப்பிடிக்கும்.

தயிர் விஷயத்தில் போட்டியே இல்லை. வன்னியில் எருமைத் தயிரைச் சட்டியோடுதான் வாங்குவோம், அது வெறும் பழக்கத்தால் வந்தது அல்ல. பூச்சு இல்லாத மண் தயிர்த் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சிய ஈரம் வெளிச்சுவரில் காய்ந்து சட்டியைக் குளிரவைக்கும். வெட்டியெடுக்கும் கட்டித் தயிர் அப்படித்தான் கிடைக்கிறது. பீங்கான் கிண்ணத்தில் உறை ஊற்றிப் பார்த்தேன். தயிர் வந்தது, மேலே தண்ணீரும் நின்றது. மண்சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள், அதையும் குடித்துவைத்திருக்கும். தும்பும் வெந்நீரும் போதும், பிறகு வெயில்.

புளிப்பு வந்தால் கணக்கு வேறு. தேசிக்காய் ஊறுகாய், புளிச் சம்பல், தக்காளிச் சட்னி எல்லாவற்றுக்கும் பூச்சுள்ள பீங்கான் நல்லது. மண் உறிஞ்சும், மட்டமான உலோகத்தைப் புளி தின்னும். ஆனால் எந்தப் பூச்சு என்பதில் கவனம் வேண்டும். குறைந்த சூட்டில் சுடும் பழைய பாத்திரங்களின் மினுக்கப் பூச்சில் ஈயம் சேர்ப்பதுண்டு. புளிப்பும் சூடும் அதைச் சாப்பாட்டுக்குள் இழுக்கும், சிறுபிள்ளைகளுக்கு ஈயம் மூளையைத் தாக்கும் நஞ்சு. பார்த்து, தட்டி, முகர்ந்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. திருவிழாக் கடையில் வாங்கிய, உற்பத்தியாளர் பெயர் இல்லாத பளபள வண்ணக் கிண்ணம் என்றால் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஊறுகாய் வேண்டாம். நல்ல கிண்ணமாக இருந்தாலும் உள்பூச்சில் மயிரிழைக் கோடுகள் ஓடத் தொடங்கினால் சாப்பாட்டுப் பாவனையில் இருந்து எடுத்துவிடுவேன். கோட்டுக்குள் எண்ணெயும் கிருமியும் தங்கும்.

மைக்ரோவேவ் உள்ளவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. கிண்ணத்தைத் திருப்பினால் அடிவளையத்தில் பூச்சில்லாத இடம் தெரியும், அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது நன்றாக இறுகாத மண். ஈரம் குடித்த அப்படிப்பட்ட கிண்ணம் மைக்ரோவேவில் சாப்பாட்டை விடத் தான் அதிகம் சூடாகும், கை சுடும், சிலவேளை வெடிக்கும். பொன்வரி போட்டது தீப்பொறி விடும். சில்வரை அதற்குள் வைக்கவே வேண்டாம்.

சமையலுக்கு வெளியேதான் இந்தக் கிண்ணங்கள் எங்கள் வீட்டில் பேர் வாங்கின. சாப்பாட்டு அலுமாரியின் நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. அம்மா இதுவரை தேங்காய்ச் சிரட்டை வைத்தார், அது ஆடும், வெடித்து ஒழுகும். மண்சிட்டி தண்ணீரைக் கசியவிட்டு நிலத்தை ஈரமாக்கும். சில்வர் நாளாக அடியில் கறை பிடித்தது. பீங்கான் பாரமாக, தட்டையாக, ஒழுகாமல் நிற்கிறது. ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு நுளம்பு. முட்டையில் இருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவுகிறேன். தேய்ப்பது முக்கியம், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் அலுமாரிக் காலைத்தான் பார்ப்பார்.

விளக்குக்கு? கார்த்திகைக்குச் சின்னம்மாவின் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டேன். மண்சிட்டிபோல எண்ணெயைக் குடிக்கவில்லை. ஆனால் திரியைச் சாய்த்துவைக்க மூக்கு இல்லை, திரி வழுக்கி எண்ணெய்க்குள் விழுந்தது. சுவாலை ஓரத்தைத் தொட்ட இடத்தில் கரியும் பிடித்தது. முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலில் விளக்கு உப்புநீரில் எரியும் என்பார்கள், எங்கள் கிண்ணத்தில் நல்லெண்ணெயில்கூட ஒழுங்காக எரியவில்லை. மண்சிட்டிக்கே திரும்பிவிட்டோம்.

வெடித்த ஆறாவது கிண்ணத்தில் கற்றாழைக் கன்று நிற்கிறது. தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இல்லையே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அந்தக் கோடே வடிகாலாகிவிட்டது.