ஊரிலுள்ள வீட்டு கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க: பி2பி, போர்ட் ஃபார்வர்டிங், விபிஎன் – எந்த லைனுக்கு எது?

மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, கேமரா மாட்டுகிறவர் வந்தால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். வாசல், கொல்லை, மாடிப்படி, வண்டி நிற்கும் இடம் என நாலு கேமரா, ஹாலில் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர், செல்போனில் ஒரு ஆப். வீட்டு வைஃபையில் படம் பளிச்சென்று வரும். பிள்ளை சிங்கப்பூருக்குப் போய்த் திறந்தால் சக்கரம் மட்டும் சுற்றும். இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு வரும் இணைய லைன் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்ததுதான் பெரும்பாலும் காரணம்.

அதனால் முதலில் லைனைப் பாருங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ என்று ஓர் எண் இருக்கும்; வெளிப்பக்கத்தில் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி அது. அதே நேரத்தில் வீட்டு வைஃபையிலிருந்து, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அந்த எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குத் தனிப் பொது முகவரி உண்டு. வான் ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது, ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பு எந்த வீட்டுக்கு என்று அங்கே தெரியாது. உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபர், சிம் போட்ட 4ஜி ரூட்டர் இரண்டிலும் இந்த நிலையே அதிகம். 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் இருக்கிறது; பெரும்பாலும் அது ஃபைபர்காரர் மாட்டிய பெட்டிதான்.

பத்தில் எட்டு வீட்டுக்கு பி2பி போதும் என்பது எங்கள் முடிவு. டிவிஆரே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரில் தன் சீரியல் எண்ணைப் பதிந்து வைக்கும். ஆப் அந்த சர்வரிடம் கேட்கும். சர்வர் இரண்டையும் கோர்த்துவிடும். உள்ளே வரும் இணைப்பே தேவைப்படாததால் சிஜிநேட் தடையாகாது. ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட், தாஹுவாவுக்கு டிஎம்எஸ்எஸ். டிவிஆர் மெனுவில் நெட்வொர்க் பகுதியில் ‘பிளாட்ஃபார்ம் ஆக்சஸ்’ அல்லது ‘பி2பி’யை இயக்கி, நிலை ‘ஆன்லைன்’ என்று மாறிய பிறகே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும்.

‘ஆஃப்லைன்’ என்றே நின்றால் முதலில் டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் ‘கேட்வே’யை, அதாவது இணையத்துக்கு வெளியே போகும் வழியைப் பாருங்கள். அங்கே ரூட்டரின் முகவரி, உதாரணமாக 192.168.1.1, இருக்க வேண்டும். டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) இடம் காலியாக இருந்தால் 8.8.8.8 போடுங்கள். பழைய ரூட்டரை மாற்றிவிட்டு டிவிஆரில் பழைய முகவரியையே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

பி2பியில் தொழில்நுட்பத்தைவிடக் கணக்குதான் அதிகத் தொல்லை தருகிறது. ஹிக்-கனெக்டில் ஒரு டிவிஆர் ஒரு கணக்கோடுதான் கட்டப்படும். மற்றவர்களுக்குப் பகிரத்தான் முடியும். டெக்னீஷியன் அவசரத்தில் தன் செல்போனிலேயே சேர்த்துவிட்டால் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கிற மாதிரிதான். பிறகு நீங்கள் சேர்க்கப் போனால் ‘ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது’ என்று வரும். அவர் எதிரிலேயே உங்கள் பெயரில் கணக்கு திறந்து, அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வெரிஃபிகேஷன் கோடும் அட்மின் பாஸ்வேர்டும் உங்கள் நோட்டில் எழுதி வாங்கப்பட வேண்டும். பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பகிர்வதானால் நேரலை மட்டும் போதும்; பழைய பதிவைப் பார்க்கும் அனுமதி வேண்டாம்.

இந்த வழியின் குறை ஒன்று உண்டு. நேரடி இணைப்பு கூடாதபோது படம் நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி வரும். தாமதமாகும், சில ஆப்கள் சில நிமிடங்களில் தாமாகவே நிறுத்திவிடும். ஆப்பில் தரம் குறைந்த சின்னப் படமான ‘சப் ஸ்ட்ரீம்’ தேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 512 கேபிபிஎஸ் சப் ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 230 எம்பி எடுக்கும். 2 எம்பிபிஎஸ் மெயின் ஸ்ட்ரீம் 900 எம்பி எடுக்கும். நாலு கேமராவையும் மெயினில் ஒன்றாகத் திறந்தால் அப்லோடு 8 எம்பிபிஎஸ் வேண்டும். டவுன்லோடு வேகம் எவ்வளவு இருந்தாலும் இதற்கு உதவாது.

போர்ட் ஃபார்வர்டிங் பழைய வழி: வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் நேராக டிவிஆருக்கு அனுப்பும்படி ஒரு வாசலை (போர்ட்) திறந்துவைப்பது. டிவிஆருக்கு 192.168.1.200 போல நிலையான முகவரி கொடுத்து, ரூட்டரில் ஹிக்விஷனானால் 8000, தாஹுவாவானால் 37777 போர்ட்டைத் திறந்து, முகவரி மாறினாலும் பெயர் மாறாமலிருக்க டிடிஎன்எஸ் வைப்பார்கள். இரண்டு ரூட்டர் இருந்தால் இரண்டிலும் திறக்க வேண்டும், அல்லது ஃபைபர் பெட்டியை பிரிட்ஜுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்திவிடும் நிலைக்கு) மாற்ற வேண்டும். சிஜிநேட் லைனில் எத்தனை போர்ட் திறந்தாலும் வேலைக்கு ஆகாது. நிலையான ஐபி வாங்கினால் நடக்கும், அதற்குத் தனிக் கட்டணம்.

ஆனால் நடக்கும் என்பதற்காகச் செய்யக் கூடாது. வெளியே திறந்த போர்ட்டை உலகமெங்கும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் கூட்டமாகப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. 2021இல் ஹிக்விஷன் கருவிகளில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய இடம்தந்த ஓட்டை வெளிவந்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அதைக் கிராமத்து வீட்டு டிவிஆரில் யார் போய் ஏற்றுவது? ஏற்கெனவே திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ரூட்டரில் யுபிஎன்பியையும் அணையுங்கள், இல்லாவிட்டால் டிவிஆரே தனக்கு வாசல் திறந்துகொள்ளும்.

அரிசி ஆலை, நகைக்கடை, பல இடங்களை ஒரே ஆள் பார்க்கும் தொழில் இவற்றுக்கு மூன்றாவது வழியான விபிஎன்தான் சரி. வெளியிலிருக்கும் செல்போனை மறைகுறியிட்ட தனிப்பாதையில் வீட்டு நெட்வொர்க்கோடு சேர்ப்பதுதான் விபிஎன். பொது முகவரி இருந்து, ரூட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதியும் இருந்தால் அதுவே போதும். சிஜிநேட் என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை: ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி ஒன்றை ரூட்டரோடு வயரில் இணைத்து, அதில் டெயில்ஸ்கேலை ‘சப்நெட் ரூட்டர்’ ஆக ஓடவிட்டு, வீட்டு நெட்வொர்க்கை அறிவிக்கச் செய்து, கணக்குப் பக்கத்தில் அந்த வழிக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலை மறந்தால் எல்லாம் இணைந்ததாகக் காட்டும், டிவிஆர் மட்டும் திறக்காது. அதே பக்கத்தில் அந்தக் கணினியின் சாவிக் காலாவதியையும் (‘கீ எக்ஸ்பைரி’) நிறுத்தி வையுங்கள். விட்டுவிட்டால் 180 நாளில் இணைப்பு அறும், அப்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டு நெட்வொர்க்கை 192.168.57 என்று மாற்றிக்கொள்வதும் நல்லது. நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் வைஃபையும் 192.168.1 ஆக இருந்தால் செல்போன் டிவிஆரை அங்கேயே தேடும்.

விபிஎன்னில் இழப்பதும் உண்டு. பி2பியை அணைத்துவிட்டால் ஆள் நடமாட்ட அறிவிப்பு பெரும்பாலும் செல்போனுக்கு வராது. அது நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் வருகிறது. வயதான அம்மாவிடம் ‘முதலில் விபிஎன்னைப் போடு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதும் நடைமுறைக்கு வராது. அமீரகத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விபிஎன் சட்டத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். தவறான காரியத்துக்குப் பயன்படுத்தினால் அங்கே கடுமையான அபராதம்.

எந்த வழியானாலும் கரண்ட் போனால் படம் போய்விடும். டிவிஆருக்கும் கேமராவுக்கும் இன்வெர்ட்டர் கொடுத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். அதற்கு ஒரு மினி யுபிஎஸ் வேண்டும். ஆனால் கேபிள்காரரின் கருவிக்கும் மின்சாரம் நின்றால் நம் யுபிஎஸ் உதவாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்த பிறகு பல ஊர்களில் கம்பங்கள் நிமிரவே வாரக்கணக்கானது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட 4ஜி ரூட்டர் ஒன்றைத் தயாராக வையுங்கள். சிம் லைனில் பி2பியும் டெயில்ஸ்கேலும் ஓடும், போர்ட் ஃபார்வர்டிங் ஓடாது.

மின்தடைக்குப் பின் டிவிஆரின் தேதி 2000க்கோ 1970க்கோ போய்விட்டால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பலவற்றில் அது சிஆர்2032. தேதி தவறினால் திருட்டு நடந்த நாளின் பதிவு தேடினாலும் கிடைக்காது. இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபியை இயக்கி, நேர மண்டலத்தை +5:30 ஆக்குங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் வெளியிலுள்ள பின்கள் பச்சை பூத்து ‘வீடியோ லாஸ்’ வரும். ஒவ்வொரு கேமராவுக்கும் மூடிய ஜங்ஷன் பாக்ஸ் போடச் சொல்லுங்கள்.

டெக்னீஷியன் கிளம்பும் முன் செல்போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் நாலு கேமராவையும், முந்தைய ஒரு மணி நேரப் பதிவையும் திறந்து பாருங்கள். பிறகு டிவிஆர், ரூட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி மறுபடி செருகுங்கள். பத்து நிமிடத்தில் தானாக ‘ஆன்லைன்’ வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.