ஒரே கணிப்பு, மூன்று வழிகள்: பங்கா, ஃபியூச்சர்ஸா, ஆப்ஷனா?

ஒரு பங்கின் விலை 100. இரண்டு வாரத்துக்குள் அது ஏறும் என்று கணித்திருக்கிறீர்கள். பங்கையே வாங்கலாம், ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதியில் குறித்த விலைக்கு வாங்குவதற்கான ஒப்பந்தம்) எடுக்கலாம், கால் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கும் உரிமை மட்டும், கட்டாயம் இல்லை) வாங்கலாம். எதில் லாபம் அதிகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கணிப்பு பலிக்கத் தாமதமானால் எது நம்மை விட்டுவைக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன்.

பங்கைச் சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கு விலை 102 ஆனால் 2 சதவீத லாபம். எண் சிறியதுதான். ஆனால் பங்குக்கு எக்ஸ்பைரி, அதாவது முடிவுத் தேதி, கிடையாது. விலை 92-க்கு இறங்கிவிட்டுப் பிறகு 105-க்கு ஏறினாலும் அந்த ஏற்றம் அவருக்குக் கிடைக்கும். சில நாள்கள் வைத்திருந்து விற்கும் ஸ்விங் டிரேடிங்குக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபியூச்சர்ஸில் மார்ஜின், அதாவது முன்பணமாகக் கட்டும் தொகை, ஒப்பந்த மதிப்பில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே 2 புள்ளி ஏற்றம் இங்கே போட்ட பணத்துக்கு 10 சதவீத லாபம். அதே 92-க்கான சரிவோ மார்ஜினில் 40 சதவீதத்தை விழுங்கிவிடும். அன்றன்றைய நஷ்டம் அன்றே கணக்கில் கழிக்கப்படுகிறது. கேட்ட கூடுதல் மார்ஜினைக் கட்டாவிட்டால் தரகரே உங்கள் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். அதன் பிறகு விலை 105 போனாலும் பயனில்லை. ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆணை) 97-இல் போட்டிருந்தாலும், இரவில் வந்த செய்தியால் காலையில் சந்தை 93-இல் திறந்தால், ஏறத்தாழ அந்த விலையில்தான் வெளியேற முடியும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பூஜ்யத்துக்குக் கீழே விலை போகாது என்று நம்பி வாங்கி வைத்திருந்தவர்கள், போட்ட பணத்தை இழந்ததோடு மேற்கொண்டும் கட்ட வேண்டியிருந்தது. எனவே ஃபியூச்சர்ஸ் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொள்ளும் இன்ட்ராடே வர்த்தகருக்கே ஏற்றது.

ஆப்ஷன் வாங்கினால் நஷ்டம் பிரீமியத்தோடு, அதாவது ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையோடு, நின்றுவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பிரீமியம் முழுவதும் போவது அன்றாடம் நடக்கிற விஷயம். ஸ்ட்ரைக் (பங்கை வாங்க உரிமை தரும் விலை) 100, எக்ஸ்பைரிக்கு 30 நாள், பிரீமியம் 4 என்று கொள்வோம். 15 நாள் கழித்துப் பங்கு 102-இல் நிற்கிறது. கணிப்பு பலித்துவிட்டது. ஆனால் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் மாறாமல் இருந்தால், ஆப்ஷனின் விலை இன்னும் அதே 4-ஐ ஒட்டித்தான் இருக்கும்! விலையேற்றம் கொடுத்ததைக் காலம் எடுத்துக்கொண்டது. பங்கு 100-லேயே நின்றிருந்தால் முதல் பாதியில் 4 என்பது சுமார் 2.8 ஆகும், மிச்சம் முழுவதும் இரண்டாம் பாதியில் கரையும். நிறுவனத்தின் காலாண்டு முடிவு வெளிவரும் நேரம் இன்னும் மோசம். முடிவு வந்ததும் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் அடங்கிவிடுவதால், பங்கு சற்றே ஏறியிருந்தும் கால் ஆப்ஷன் விலை குறையலாம். திசை, வேகம், நேரம் மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான் ஆப்ஷன் வாங்கியவருக்கு லாபம்.

அப்படியானால் விற்பவராகிவிடலாமே என்று தோன்றும். காலம் அவர் பக்கம்தான். ஆனால் லாபம் பிரீமியம் அளவோடு சரி, நஷ்டத்துக்கு அப்படியொரு எல்லை இல்லை. பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியின் வர்த்தகர் நிக் லீசன், ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீட்டில் கால், புட் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) ஆப்ஷன்கள் இரண்டையும் விற்று வைத்திருந்தார். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தால் சந்தை சரிந்தது. சமாளிக்க அவர் ஃபியூச்சர்ஸை மேலும் வாங்கிக் குவித்தார். அடுத்த மாதமே வங்கி திவாலானது.

ஆப்ஷன்தான் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது ஸ்பிரெட். 100 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 4-க்கு வாங்கி, 105 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 2-க்கு விற்றால் செலவு 2-தான். எக்ஸ்பைரியில் 102-ஐத் தாண்டினால் லாபம், அதிகபட்சம் 3. பங்கு 120-க்குப் பறந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. இரண்டு வாரத்தில் சிறு ஏற்றத்தை எதிர்பார்ப்பவருக்கு அது பெரிய இழப்பல்ல. வாங்கிய கால் ஆப்ஷன் கரைவதில் ஒரு பகுதியை விற்ற கால் ஆப்ஷன் ஈடுகட்டுகிறது.