டிசம்பர் 26: பாம் நிலநடுக்கமும் சுனாமியும்

டிசம்பர் 26 என்றாலே நமக்குச் சுனாமிதான். ஆனால் அதற்குச் சரியாக ஓராண்டு முன், 2003-இல் இதே நாளில், ஈரானின் பாம் நகரம் இடிந்து விழுந்தது.

அளவில் இரண்டும் பக்கத்தில் நிற்காது. பாமில் 6.6, சுமத்ரா அருகே 9.1. அங்கே சுமார் 26,000 பேர் இறந்தார்கள். சுனாமியில் 2 லட்சத்துக்கும் மேல்.

என் நெஞ்சை உறுத்துவது நேரம்தான். பாமில் அது விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஊரே தூக்கத்தில். வீடுகள் பலவும் வெயிலில் காயவைத்த மண்கல்லால் கட்டியவை. கான்கிரீட் இடிந்தால் இடுக்கில் கொஞ்சம் காற்றாவது தங்கும்; மண்சுவர் பொடியாகி மூச்சையே அடைத்துவிடும். எழுந்து ஓட ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் அப்படியில்லை. நம் நேரப்படி காலை ஆறரைக்குக் கடலடியில் நிலம் குலுங்கியது. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த ஞாயிறு காலையில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்தார்கள். அவர்களை எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அத்தனை நேரம் இருந்தும்!

அப்புறம்தான், 2007-இல், ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.