செசமி ஸ்ட்ரீட்டா, மிஸ்டர் ராஜர்ஸா?

மகளுக்கு மூன்றரை வயது. இப்போதைய கார்ட்டூன்களின் கூச்சல் வேண்டாம் என்று பழைய அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகள் பக்கம் போனோம். மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட் 1968 பிப்ரவரியில் அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது. செசமி ஸ்ட்ரீட் 1969 நவம்பரில். ஒரு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இப்போது எங்கள் வீட்டில் ராஜர்ஸ்தான்.

எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பதில் செசமியை அடிக்க ஆளில்லை. ஜிம் ஹென்சனின் பொம்மைகள், பாட்டுகள், பிக் பேர்ட் என்கிற பெரிய மஞ்சள் பறவை எல்லாம் தெரிந்த கதைதான். அதைவிட, அதை உருவாக்கிய விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒளிபரப்புக்கு முன்பே குழந்தைகளை உட்காரவைத்து, டிவிக்குப் பக்கத்தில் வேறொரு திரையில் சில நொடிக்கு ஒரு படம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையின் கண் எந்த இடத்தில் அந்தப் பக்கம் போகிறது என்று குறித்து, அந்த இடங்களைச் சரிசெய்தார்கள். கண்ணை விடாமல் பிடிக்கும் வேகம் அப்படி வந்ததுதான். விளம்பரங்களின் துண்டு துண்டான பாணியையும் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வேகத்தில் எனக்கு இடமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று காட்சி போய்விடும். மகள், "பேசாதீங்கப்பா" என்பாள்.

மற்றதை நடத்தும் ஃபிரெட் ராஜர்ஸ் வீட்டுக்குள் வருவார், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் மாட்டுவார், ஷூவை மாற்றுவார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை யோசிப்பதற்காக அந்த நிறுத்தம். அதற்குள் நான் தமிழில் சொல்லிவிடுவேன், அவளும் ஒரு கேள்வி கேட்டுவிடுவாள். ஒரு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று காட்ட, முட்டை வேகவைக்க வைக்கும் டைமரைத் திருகிவிட்டு ஒரு நிமிஷம் முழுக்கச் சும்மா இருந்தவர் அவர்.

சாவைப் பேசும் எபிசோடுகளை அடுத்தடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் தெளிவானது. செசமியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு ஆளைப் போடாமல், அடுத்த ஆண்டு, ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்றே குழந்தைகளுக்குச் சொன்னார்கள். அவருக்காக வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிக் பேர்ட் நிற்கும் இடத்தில் நான் அழுதேன். பெரியவர்கள் நெஞ்சைப் பிசையும் காட்சி அது. மகள் பிக் பேர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜர்ஸ் 1970-லேயே இதைச் செய்திருக்கிறார். தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார், அசையவில்லை. பேப்பர் டவலில் சுற்றிக் கொல்லையில் புதைக்கிறார். சின்ன வயசில் தன் நாய் மிட்ஸி செத்தபோது அழுததைச் சொல்கிறார். பாதியில் மகள் கேட்டாள்: "மண்ணுக்குள்ள அதுக்குக் குளிராதா?" டிவியை நிறுத்திவிட்டுப் பேசினோம்.

இது ஒரே பிள்ளையோடு எங்களுக்குக் கிடைத்த அனுபவம். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை ராஜர்ஸ் முன்னால் உட்காருமா என்று என்னால் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் சேர்க்கும் நேரத்தில், எழுத்துக்காக நாங்களே மறுபடி செசமி பக்கம் போகலாம்.

அப்புறம் இன்னொன்று. மீனுக்குத் தீனி போடும்போது ராஜர்ஸ் அதை வாய்விட்டுச் சொல்வார். பார்வையில்லாத ஒரு சிறுமி, மீன் சாப்பிட்டதா என்று தெரியாமல் கவலையாக இருக்கிறது, சத்தமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாளாம். மகளுக்கு இதை ஒரு தடவைதான் சொன்னேன். நேற்று பால்கனித் துளசிக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்துப் போனவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "நான் செடிக்குத் தண்ணி ஊத்துறேன்!"