ஒர்க்ஷாப்பை ஊருக்கு மாற்றப் போகிறீர்களா? என் 93,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றோடு பத்தொன்பது நாள். காரைத் தூக்கி நிறுத்துகிற என் டூ-போஸ்ட் லிஃப்டின் இரண்டு கம்பங்களும் வீட்டு வாசலில் தென்னை மரத்தடியில் படுத்துக்கிடக்கின்றன. மேலே தார்ப்பாய். அதன் மேல் கோழி. போன பணம் மொத்தம் 93,500 ரூபாய். கடை மாற்றுகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் பதினோரு வருடமாக கார் ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். ஷெட் வாடகை 28,000. ஓனர் இந்த வருடம் முப்பத்தைந்து கேட்டார். அன்னூர் தாண்டி எங்கள் ஊரில் வீட்டை ஒட்டி அப்பாவின் நாற்பது சென்ட் சும்மாதான் கிடக்கிறது. பழைய கஸ்டமர்கள் முக்கால்வாசிப் பேர் "எங்க போனாலும் வர்றோம்" என்றார்கள். சத்தி ரோட்டில் முப்பது கிலோமீட்டர், அவ்வளவுதானே. ஷீட் போட்டு, தரை போட்டு, பஞ்சாயத்தில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்து, கரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

கரண்டு விஷயத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த யோசனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். "எதுக்கு கமர்ஷியல் மீட்டரு, கெணத்து லைன்ல ஒரு இழு இழுத்துக்க." விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுக்கிற இணைப்பில் கம்ப்ரஸர் ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டு மீட்டரில் ஓட்டினாலும் அதே கதைதான். கமர்ஷியல் த்ரீ ஃபேஸுக்கே பணம் கட்டினேன். இதிலெல்லாம் உஷாராக இருந்த ஆள் நான். ஏமாந்தது வேறு இடத்தில்.

லிஃப்ட், கம்ப்ரஸர், டயர் சேஞ்சர், ரெண்டு ஒர்க் பெஞ்ச், ரேக்குகள். இதையெல்லாம் பிரித்து, ஏற்றி, கொண்டுவந்து, லிஃப்டை மறுபடி நிறுத்திக் கொடுக்க ஆள் தேடினேன். எந்த வேலைக்கும் ஆள் காட்டித் தருகிற செயலி வகை ஒன்று இருக்கிறதே, அதில் "மெஷின் ஷிஃப்டிங்" என்று போட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு போன். அதில் ஒருத்தன் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று டிக் இருந்தது. அந்த டிக் காசு கட்டினால் கிடைப்பது என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் நேரில் வந்தான். இந்த இடத்தைத்தான் ராத்திரி படுத்தால் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மற்ற ஆறு பேரும் போட்டோ அனுப்பச் சொன்னார்கள், இவன் புதன்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். லிஃப்ட் கம்பத்தின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்தான். பேஸ் பிளேட்டில் அப்பியிருந்த ஆயில் அழுக்கைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி போல்ட்டை எண்ணினான். "ஏனுங்ணா, இந்தப் பக்கம் அஞ்சு இருக்குது, அந்தப் பக்கம் நாலுதான் இருக்குதுங்க."

உண்மைதான். ரெண்டு வருடத்துக்கு முன்னால் கம்பத்தைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற ஆங்கர் போல்ட் ஒன்று முறிந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் கடைப் பையனுக்கே அது தெரியாது. வந்த அஞ்சாவது நிமிடத்தில் இவன் கண்டுபிடித்துவிட்டான். நகக்கண்ணில் கிரீஸ் வேறு. "நானும் ஆறு வருசம் சர்வீஸ்ல இருந்தவன்தானுங்ணா." சரி, இவன் நம்ம ஆள் என்று முடிவு பண்ணிவிட்டேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாம் சேர்த்து 48,000 என்றான். லெட்டர்பேடில் கொட்டேஷன், கீழே ஜிஎஸ்டி நம்பர். 25,000 அட்வான்ஸ் அங்கேயே ஜிபே பண்ணினேன்.

ஒரு சிக்கல் இருந்தது. ஊரில் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் எட்டு அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டு அப்போது பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு நாள் ஆகாமல் அதில் ஆங்கர் அடிக்கக் கூடாது. நாலு டன் தூக்குகிற லிஃப்ட், அடியில் மனுஷன் நின்று வேலை பார்க்கிற இடம். ஆனால் மாதக் கடைசியில் ஷெட்டைக் காலி பண்ணியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு மாத வாடகை. இதை அவனிடம் சொன்னேன். "அதுக்கென்னங்ணா, இப்ப எறக்கி வெச்சிருவோம். செட் ஆனதும் நானே வந்து நிறுத்தித் தர்றேன்" என்றான். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று வீட்டில் வந்து சொன்னேன். சொன்னேனே!

ஞாயிற்றுக்கிழமை ஏற்றம். அவன் வரவில்லை, வேறு நாலு பேர் வந்தார்கள். "அண்ணன் இன்னொரு சைட்ல இருக்காப்ல." ஏற்றுவதற்கு முன்னாலேயே 20,000 கொடுத்தால்தான் லாரிக்காரன் வண்டியை எடுப்பான் என்றார்கள். கொடுத்தேன். ஹைட்ராலிக் ஆயிலை வடிக்காமலே ஹோஸைக் கழற்றினார்கள். ஷெட் முழுக்க ஆயில். போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் கழற்றப் பொறுமையில்லை, கிரைண்டரால் அறுத்தார்கள். பவர் பேக்கை, அதாவது லிஃப்டைத் தூக்குகிற மோட்டாரும் பம்பும் சேர்ந்த பாகத்தை, ஒருத்தன் தனியாக எடுத்தான். "இது நனையக் கூடாதுங்க, கேபின்ல வெச்சுக்கறோம்." பாருங்கள், அக்கறையைப் பார்த்து அதையும் நம்பினேன்.

லாரி கிளம்பியது. நான் ஸ்கேனரையும் சில்லறை டூல்ஸையும் காரில் போட்டுக்கொண்டு முன்னால் ஊருக்கு வந்துவிட்டேன். அதுவும் என் தப்பு, பின்னாலேயே வந்திருக்க வேண்டும்.

லாரி கோவில்பாளையம் தாண்டியதும் போன். "செக்கிங்ல புடிச்சுட்டாங்க, இ-வே பில் இல்லைங்கறாங்க, 8,500 கட்டினா விட்டுருவாங்க." இ-வே பில் என்பது சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கிற சீட்டு. ஜிபே நம்பரும் வந்தது. போட்டேன். அபராதம் என்றால் அது என் பெயரில் ரசீதோடு அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம், எவனோ ஒருத்தனின் ஜிபேவுக்கு ஏன் போகிறது என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. ஆடிட்டர் மறுநாள் கேட்டபோதுதான் தோன்றியது.

அடுத்த போன் கணேசபுரத்திலிருந்து, ராத்திரி ஒன்பதரைக்கு. "ஹைட்ரா கிரேன் இல்லாம எறக்க முடியாதுங்க. 14,000 ஆகும். இல்லைன்னா லோடு இங்கயே நிக்கும், நிக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெயிட்டிங் சார்ஜ்." ஒரு கம்பம் மிஞ்சிப் போனால் இருநூற்றைம்பது கிலோ இருக்கும். நான் தினமும் இன்ஜின் இறக்குகிறவன், என்னிடமே செயின் பிளாக் இருக்கிறது. அதையும் அவன் லாரியில்தான் ஏற்றியிருந்தேன். டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டான் என்று பின்னால் பைக்கில் வந்த என் கடைப் பையன் போனில் சொன்னான். பதினோரு வருடச் சம்பாத்தியம் அந்த லாரியில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? போட்டேன்.

ஹைட்ரா வரவே இல்லை. என் கடையின் நாலு பழைய டயரைத் தரையில் போட்டு, கம்பங்களை அதன் மேல் உருட்டித் தள்ளினார்கள். 14,000 ரூபாய்க்கு என் டயரிலேயே இறக்கம். கேட்டால், "நைட் ஆயிருச்சுங்க, காலைல அண்ணன்கிட்டப் பேசிக்குங்க." இருட்டில் எதுவும் எண்ணிப் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் பவர் பேக் இல்லை. புதிதாகக் கொடுத்த விலை 26,000. டார்க் ரெஞ்ச் பெட்டியும் இல்லை. அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கூட்டிக்கொள்ளுங்கள். 25,000, 20,000, 8,500, 14,000. இதுவே 67,500. பவர் பேக் 26,000. ஆக 93,500. "சாமான் வந்து சேர்ந்ததே, லாரி வாடகையைக் கழிச்சுக்குங்க" என்கிறாள் என் மனைவி. கழிக்க மாட்டேன். நான் வாடகைக்கு ஒப்புக்கொண்டது இந்த மாதிரி வேலைக்கு இல்லை.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. கம்பத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஏன்டா, நம்ம ஊரு டிராக்டர்ல நாலு நடை அடிச்சிருந்தா முடிஞ்சிருக்குமேடா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எரிச்சலே. முதல் நாள் போனை எடுத்தான். "பவர் பேக் லாரிலயே இருக்குதுங்ணா, நாளைக்குக் குடுத்து உடறேன்." இரண்டாவது நாள், "லாரி கேரளா போயிருச்சுங்ணா." நாலாவது நாள் "மீட்டிங்ல இருக்கேன்" என்று மெசேஜ். கிரைண்டரில் போல்ட் அறுக்கிற கம்பெனிக்கு என்ன மீட்டிங்! ஒரு வாரம் கழித்து வேறு யாரோ ஒரு பெண் எடுத்து, "சார், எங்க லோடிங் லிஸ்ட்ல பவர் பேக்குனு எதுவுமே இல்லையே" என்றார். அது மட்டும் சரி. லிஸ்ட் என்று ஒன்றை யாருமே எழுதவில்லை. இப்போது என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். பையன் நம்பரிலிருந்து கூப்பிட்டால் ரிங் போகிறது, என் குரல் கேட்டதும் கட்.

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். முதலில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் என்றார்கள். மூன்றாவது நாள், "நாங்கள் இரு தரப்பையும் இணைத்து மட்டுமே விடுகிறோம், பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பல்ல." அத்தோடு புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு மெசேஜ், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று அஞ்சு நட்சத்திரம் வேறு. ஒரு நட்சத்திரம் கொடுத்து நடந்ததை எழுதினேன். விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று மறுநாள் தூக்கிவிட்டார்கள். அவன் பெயரும் டிக்கும் இன்றைக்குக் காலையிலும் அங்கேதான் இருக்கின்றன.

ஸ்டேஷனில், "நீங்களே ஆளக் கூப்பிட்டு, நீங்களே காசு போட்டிருக்கீங்க, இது சிவில் மேட்டருங்க" என்றார்கள். மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. அந்தக் கொட்டேஷனை ஆடிட்டர் கையில் வாங்கியதும் கேட்டார், "இதுல நம்பர் 29ன்னு ஆரம்பிக்குதே, பாக்கலையா?" ஜிஎஸ்டி நம்பரின் முதல் ரெண்டு இலக்கம் மாநிலத்துக்கு உரியது. தமிழ்நாடு என்றால் 33. 29 கர்நாடகா. என் பில் புக்கில் ஒவ்வொரு பக்கத்திலும் 33 இருக்கிறது, வருடக்கணக்காகப் பார்க்கிறேன். ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம், லாகின்கூட வேண்டாம். போட்டுப் பார்த்தோம். ஏதோ துணிக்கடை. கார் எஞ்சின் நம்பரைக் குனிந்து சரிபார்க்கிற எனக்கு, கையிலிருந்த தாளைப் பார்க்கத் தெரியவில்லை. போல்ட்டை எண்ணியவனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை த்ரீ ஃபேஸ் மீட்டர் வந்துவிட்டது. கான்கிரீட்டும் இருபத்தெட்டு நாளைத் தாண்டிவிட்டது. தரை ரெடி, மீட்டர் ரெடி, மோட்டார் மட்டும் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. அவசரத்தில் நாலு வார்த்தை: வேலை முடியாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், நிறுத்துகிற கூலியைக் கையிலேயே வைத்திருங்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு சாமானாக எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள், போட்டோவும் எடுங்கள். மோட்டார், பவர் பேக் மாதிரி தனியாகக் கழல்கிற எதையும் உங்கள் வண்டியில் போடுங்கள். வழியில் போன் பண்ணிப் பணம் கேட்டால் போடாதீர்கள், லாரி நிற்கிற இடத்துக்கு நேரில் போங்கள். போட்டுவிட்டு ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் ஆறு நாள் கழித்துக் கூப்பிட்டேன், பணம் அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து போய்விட்டது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. தொழிலுக்காக வாங்கிய சேவை என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன், சொந்தப் பிழைப்புக்காக நடத்துகிற தொழில் என்றால் கேட்கலாம் என்று ஆடிட்டரின் நண்பரான வக்கீல் சொன்னார். இதே மாதிரி கோவை, திருப்பூர் பக்கம் யாராவது மாட்டியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போடலாம். கொட்டேஷன், ஜிபே ஸ்கிரீன்ஷாட், கால் ரெக்கார்டிங் எல்லாம் என்னிடம் இருக்கிறது.

வாசலில் ஒரு பொலேரோ வந்து நிற்கிறது. கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். லிஃப்ட் இல்லை, ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வைத்துக் கீழே படுத்துத்தான் பார்க்கணும். போகிறேன்.