அந்துப்பூச்சியோடு மூன்று ஆண்டுகள்

ஸ்வெட்டரின் அக்குளில் முதல் ஓட்டையைப் பார்த்தபோது, ஆணியில் மாட்டிக் கிழிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துச் சால்வையை விரித்தால் சல்லடை. மடிப்புக்குள் வெளிறிய புழு ஒன்று, தானே பின்னிய நூற்கூட்டில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

தொடக்கத்தில் நான் சண்டையிட்டதே தவறான எதிரியோடு. சுவரோரம் தத்திப் பறக்கும் பொன்னிறப் பூச்சிகளைச் செய்தித்தாளால் அடித்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. தின்பது முழுக்கப் புழுதான். கம்பளி, ரோமம், இறகு ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதம் அதன் தீனி. பட்டுத் துணியையும் விடாது. வியர்வையும் கறையும் படிந்த துணி என்றால் இன்னும் கொண்டாட்டம். சொல்லப்போனால், விளக்கைச் சுற்றி வரும் பூச்சிகள் பெரும்பாலும் வேறு இனம். இது வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்.

அந்துருண்டைக்கு ஆறு மாதம் வாய்ப்புக் கொடுத்தேன். அதன் ஆவி அடர்ந்து தேங்கினால்தான் புழு சாகும். அதற்குக் காற்றுப் புகாத பெட்டி வேண்டும். சாதாரண அலமாரியில் நாற்றம் என் மூக்கைத்தான் தாக்கியது. அந்துருண்டையிலுள்ள நாப்தலினின் ஆவி மனிதருக்கும் கெடுதல். ஜி6பிடி என்ற நொதியில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும் என்று படித்தபின் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். தேவதாரு மரக்கட்டைகள் மணத்தன, அவ்வளவே.

அடுத்து வாங்கிய ஒட்டுப்பொறிக்கு முதலில் அநியாயமாகத் திட்டு விழுந்தது. பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சிகளை மட்டுமே அது பிடிக்கும், முட்டையிடுபவள் சிக்கமாட்டாள். ஆகவே அது மருந்தாகாது. ஆனால் வேவு பார்க்கக் கெட்டிக்காரப் பொருள். படுக்கையறைப் பொறியில் இரண்டு வாரத்தில் இரண்டு பூச்சிகள், கூடத்துப் பொறியில் பதினொன்று. கூடத்தில் துணியே கிடையாதே என்று குழம்பி, கடைசியில் சோபாவை நகர்த்தினேன். அதன் அடியில் பல ஆண்டுகளாக யாரும் மிதிக்காத கம்பளி விரிப்பின் ஓரம் வழுக்கையாகியிருந்தது. நான் அலமாரியைக் காவல் காத்தபோது, பண்ணை இங்கே நடந்திருக்கிறது!

விரிப்பைத் தூக்கி எறிந்தேன். பிறகு வாரம் இருமுறை வேக்குவம் கிளீனர்: சுவரோர இடுக்குகள், அலமாரி மூலைகள், மரச்சாமான்களின் அடிப்பக்கம். சேர்ந்த குப்பையை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றவேண்டும். இல்லையென்றால் புழு அதற்குள்ளேயே வளரும்.

துணிகளைக் காப்பாற்றியது ஃப்ரீசர். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையிலிட்டு, காற்றைப் பிதுக்கி, இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு இதற்குப் பயன்படாது. அந்தக் குளிரில் புழுவின் வளர்ச்சி மந்தமாகுமே தவிர அது சாகாது. வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் ஈரம் கம்பளியில் இறங்கிவிடும். முதல் தொப்பியில் நான் பட்ட அனுபவம். வெந்நீரும் புழுவைக் கொல்லும்தான், ஆனால் ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் பொருந்தும். இப்போது துவைத்து நன்கு காய்ந்தவை மட்டுமே மூடியிட்ட பெட்டிக்குள் போகின்றன.

இரண்டாம் ஆண்டில் மறுபடி நான்கு பூச்சிகள் ஒட்டியிருந்தன. தலைகீழாகத் தேடினேன். கதவுக்குப் பின்னால், ஒட்டடை அடிக்க வாங்கி மறந்துபோன இறகுத் துடைப்பம் தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்யும் கருவியிலேயே குடித்தனம்.

அதையும் எறிந்து எட்டு மாதங்களாகின்றன. பொறி காலியாகவே இருக்கிறது. வாசனை வில்லை ஏறக்குறைய மூன்று மாதத்தில் வலுவிழப்பதால் அதை மட்டும் தவறாமல் மாற்றுகிறேன். சால்வையின் ஓட்டைகளில் பாதியை இழையோட்டி அடைத்துவிட்டேன். மீதி மடிப்புக்குள் மறைகிறது.